வள்ளி திருமணம், இரவு ஒன்பதரைக்குள்: திருப்பாதிரிப்புலியூரில் ஓர் இசை நாடகம் போட்ட வேலைக் குறிப்பு

சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' தென்மாவட்டத் திருவிழாக்களில் இன்றைக்கும் விடிய விடிய நடக்கிற நாடகம். இரவு பத்து மணிக்கு ஆர்மோனியக்காரர் பெட்டியைத் தொட்டால் முருகனும் வள்ளியும் மாலை மாற்றும்போது கிழக்கு வெளுத்திருக்கும். அதைக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பகலில் வேறு வேலை பார்க்கிற நாங்கள் ஒரு டஜன் பேர் சேர்ந்து, ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று மணி நேரத்துக்குள் மேடையேற்றினோம். எங்களைப் போன்ற அமெச்சூர் குழு எதற்காவது பயன்படும் என்று, செய்த வேலைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசை நாடகத்தில் முதல் வேலை யார் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடுவது என்று முடிவு செய்வது. உடை, திரை, மைக் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த ஒன்று சரியாக அமைந்துவிட்டால் ஊருக்குச் சொல்கிற வேலையையும் பாட்டே பார்த்துக்கொள்ளும்.

ஏன் இந்த நாடகம் என்று பலர் கேட்டார்கள். கடலூர், விழுப்புரம் பக்கம் தெருக்கூத்து மண். இந்த மாதிரி இசை நாடகத்தை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள், அது என்றால் மதுரை, புதுக்கோட்டை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்த சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று கண்மூடியது புதுச்சேரியில். அடக்கமான இடம் கருவடிக்குப்பம். எங்கள் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். நாடகக் கலைஞர்கள் நினைவுநாளில் அங்கே வந்து மாலை போட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்திலேயே இருக்கிற நாம் அவர் நாடகம் ஒன்றையாவது பாடிப் பார்க்க வேண்டாமா என்ற எண்ணம்தான் எங்களைக் கூட்டியது.

சட்ட விஷயத்தில் இது நிம்மதியான தேர்வு. எழுதியவர் காலமாகி 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. 1922-ல் மறைந்தவர் எழுத்துக்கு அது எப்போதோ முடிந்தது. ஆனால் மேடையில் காலப்போக்கில் இடையிடையே நுழைந்த சினிமாப் பாட்டுகளும் மெட்டுகளும் அப்படி அல்ல, அவற்றுக்கு உரிமைக்காரர் உண்டு. அமெச்சூர் மன்றம் காசு வாங்காமல் பார்வையாளருக்கு நடத்தும் நிகழ்ச்சிக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. நாங்கள் டிக்கெட் போடவில்லை. அப்படியிருந்தும் சினிமா மெட்டுகளை எடுத்துவிட்டோம். காட்சியைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றும்போது அந்த விலக்கு துணைக்கு வராது என்பது ஒரு காரணம். சுவாமிகளின் சொற்கட்டே போதும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது இன்னொரு காரணம். எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

விடிய விடிய நடப்பதை மூன்று மணி நேரமாக எப்படிக் குறைப்பது? அச்சில் இருக்கிற பிரதி அவ்வளவு நீளமில்லை. மேடையில்தான் அது ஊதிப் பெரிதாகிறது. பபூன் என்கிற கோமாளியும் டான்ஸும் முன்னிரவை எடுத்துக்கொள்வார்கள். பிறகு நாரதர்–வள்ளி தர்க்கம், வேலன் (முருகன்)–வள்ளி தர்க்கம். பாட்டிலும் பேச்சிலும் ஒருவரை ஒருவர் மடக்குகிற வாதம்தான் தர்க்கம். ஒவ்வொன்றும் நடிகரின் சரக்கைப் பொறுத்து மணிக்கணக்கில் போகும். நாங்கள் பபூன் பகுதியைக் கால் மணி நேரமாகச் சுருக்கினோம். தர்க்கத்தில் கை வைக்கவில்லை. அதை வெட்டினால் நாடகமே இல்லை, கதைச்சுருக்கம்தான் மிஞ்சும். மூன்று மணி நேரத்தில் பாதியைத் தர்க்கங்களுக்கே ஒதுக்கினோம். வேட்டுவர் கூட்டம் வருவது, நம்பிராஜன் குறி கேட்பது இவையெல்லாம் நாரதர் வாயிலேயே இரண்டு வரியில் முடிந்தன.

தொழில்முறை ஸ்பெஷல் நாடகத்தில் கூட்டு ஒத்திகையே கிடையாது. வள்ளி ஓர் ஊரிலிருந்து வருவார், வேலன் இன்னோர் ஊரிலிருந்து வருவார், மேடையில்தான் சந்திப்பார்கள். கேட்ட கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்கிற தேர்ச்சி அவர்களுக்கு இருக்கிறது. நமக்கு அது வராது. எல்லாவற்றையும் எழுதி மனப்பாடம் செய்தாலோ தர்க்கத்தில் உயிர் இருக்காது. அதனால் நடுவழியாக ஒன்று செய்தோம். ஒவ்வொரு தர்க்கத்துக்கும் எடுக்கிற விருத்தமும் முடிக்கிற வரியும் மாறாது, இடையில் இருப்பதை அன்றன்றைக்கு மனசுக்கு வந்தபடி பேசலாம். முடிக்கிற வரி காதில் விழுந்ததும் ஆர்மோனியம் அடுத்த பாட்டுக்கு இறங்கிவிடும். இந்த ஏற்பாடு எங்கள் குழுவுக்கு மிகவும் பொருந்தியது. வள்ளியும் வேலனும் ஒத்திகைக்கு ஒத்திகை புதுக் கேள்வி கொண்டுவந்தார்கள், ஆனாலும் யாரும் வழி தவறவில்லை.

இனி கட்டை விஷயம்.

எங்கள் வள்ளி ஒரு செவிலியர். சின்ன வயதில் பாட்டு கற்றவர், அவருக்கு வசதி ஐந்து கட்டை. வேலன் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர். ஒரு கட்டையைத் தாண்டினால் மேல் ஸ்தாயியில் குரல் பிளக்கும். தனித்தனியாகப் பாடும்போது தொந்தரவில்லை. தர்க்கத்தில்தான் இடிக்கிறது. வள்ளி ஒரு விருத்தம் பாடி நிறுத்தினால் வேலன் அடுத்த மூச்சில் பதில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுருதியை மாற்றிக்கொண்டிருந்தால் கேட்பவருக்கு வேறு வேறு கச்சேரி மாறி மாறிக் கேட்பதுபோல இருக்கும்.

கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இந்த நாடகத்தில் வேலனும் வள்ளியுமாக நின்ற காலத்தில் ஆணும் பெண்ணும் ஒரே உயர்ந்த சுருதியில் பாடினார்கள். மைக் இல்லாத அரங்கில் கடைசி வரிசைக்கும் குரல் எட்ட வேண்டியிருந்தது. அந்தத் தொண்டை நம்மில் யாருக்கு இருக்கிறது? இருப்பதாக நினைத்துக் கத்தினால் ஒரு வாரத்தில் குரல் போய்விடும்.

எங்கள் ஆர்மோனியக்காரர் ஓய்வுபெற்றவர், பஜனை மடத்தில் வாசித்துப் பழகியவர். வழி சொன்னது அவர்தான்.

"அம்மா, நீங்க அஞ்சுலேர்ந்து நாலுக்கு இறங்குங்க. தம்பி ஒண்ணுலயே நிக்கட்டும். மீதிய பெட்டி பாத்துக்கும்."

கணக்கு இதுதான். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை என்பது 'சி', நாலு கட்டை என்பது 'எஃப்'. ஒரு கட்டையைச் சட்ஜமமாக ('ச') வைத்துப் பார்த்தால் நாலு கட்டை அதற்கு மத்திமம் ('ம'). நாலு கட்டையைச் சட்ஜமமாக வைத்துப் பார்த்தால் கீழே இருக்கிற ஒரு கட்டை அதற்குப் பஞ்சமம் ('ப'). ஆகவே இந்த இரண்டு கட்டைகளையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் வள்ளிக்கு அது சட்ஜம–பஞ்சம சுருதி, வேலனுக்கு அதுவே சட்ஜம–மத்திம சுருதி. பெட்டி எதையும் மாற்றுவதில்லை, பாடுகிறவர் மட்டும் தன் சட்ஜமத்தில் வந்து உட்காருகிறார். முதல் தடவை இதைக் கேட்டபோது எங்களுக்குப் புல்லரித்தது. தர்க்கம் முழுவதும் ஒரே நாதத்தில் நின்றது.

ஒரு நிபந்தனை உண்டு. வேலன் பாடுகிற ராகத்தில் சுத்த மத்திமம், அதாவது இரண்டு மத்திமங்களில் தாழ்ந்தது, இருக்க வேண்டும். காம்போதி, செஞ்சுருட்டி, ஆனந்தபைரவி, காபி என்றால் சிக்கல் இல்லை. கல்யாணி வந்தால் அதில் பிரதி மத்திமம், பெட்டியில் ஒலிக்கும் சுத்த மத்திமத்தோடு உரசும். மோகனத்தில் மத்திமமே கிடையாது. அந்த மாதிரி இடங்களில் நாலு கட்டையை விட்டுவிட்டு ஒரு கட்டையை மட்டும் பிடிக்க வேண்டும். தேவையென்றால் அதன் பஞ்சமமான 'ஜி'யைச் சேர்த்துக்கொள்ளலாம். எந்தப் பாட்டுக்கு எதைப் பிடிப்பது என்று பிரதியின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினோம். நாரதராக நின்ற தமிழாசிரியர் தேவாரப் பண்ணிசை பழகியவர், இரண்டு கட்டைக்காரர். அவரும் ஒன்றுக்கு இறங்கிக்கொண்டார். பபூனாக வந்த ஆட்டோக்காரத் தம்பிக்குக் கட்டைக் கணக்கே வேண்டியிருக்கவில்லை, எங்கே பிடித்தாலும் பாடினார்.

கணக்கு சரி, அதை வாசிக்கப் பெட்டி சரியாக இருக்க வேண்டுமே. எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய கால் ஆர்மோனியம். காலால் துருத்தியை மிதிப்பதால் வாசிக்க இரண்டு கையும் கிடைக்கும். சுருதியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையில் பாட்டு வாசிக்கிற எங்கள் ஏற்பாட்டுக்கு அதுதான் வேண்டும். பல வருஷம் பரணில் கிடந்த பெட்டி. கடற்கரை ஊரில் பித்தளை ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்புகிற நாக்கு) உப்புக்காற்றில் களிம்பு பிடித்துவிடும், மரக்கட்டைகள் ஈரத்தில் ஊதி ஒன்றோடொன்று ஒட்டும். இரண்டும் நேர்ந்திருந்தன.

முதலில் துருத்தி. எந்தக் கட்டையையும் அழுத்தாமல் துருத்தியில் காற்றை முழுக்க நிரப்பி விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல துருத்தி மெதுவாக இறங்கும். இது சட்டென்று படுத்துவிட்டது. ஊதுபத்தியைக் கொளுத்தி மடிப்புகளின் மூலைகளில் காட்டிக்கொண்டே போனோம். புகை எங்கே சிதறுகிறதோ அங்கே ஓட்டை. மூலைகளில்தான் தோல் வெடித்திருந்தது. மெல்லிய ஆட்டுத்தோலை அளவாக வெட்டி, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, ஃபெவிக்காலில் ஒட்டி ஓர் இரவு முழுக்கக் காயவைத்தோம். அவசரப்பட்டு மிதித்தால் ஒட்டு பிரிந்துவிடும்.

அடுத்தது தொடாமலே ஊதுகிற கட்டைகள். கட்டைக்கு அடியில் காற்றுத்துளையை மூடுகிற பட்டையில் ஒட்டிய தோல் இறுகிப்போனால் துளை சரியாக மூடாது. ரீடு தானாகவே முனகும். அந்தத் தோலை மாற்றினோம். ஒட்டுகிற கட்டைகளுக்குப் பக்கவாட்டில் மெல்லிய உப்புத்தாள் தேய்த்தோம். எண்ணெய் விடக் கூடாது. எண்ணெயில் தூசி உட்கார்ந்து அடுத்த மாதம் இன்னும் மோசமாகும்.

ரீடுதான் பொறுமை வேண்டிய இடம். பலகையைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் துடைத்து, நாக்குக்கும் சட்டத்துக்கும் இடையில் கெட்டிக் காகிதத் துண்டை ஒருமுறை இழுத்தால் பாதி ரீடுகள் பேச ஆரம்பித்துவிடும். சுருதி விலகியிருக்கிறது என்று உடனே சுரண்டப் போகாதீர்கள். நாக்கின் நுனியில் அழுக்கோ களிம்போ இருந்தால் அதன் எடையில் சுருதி தாழ்ந்து கேட்கும், துடைத்தாலே சரியாகிவிடும். துடைத்தும் விலகியிருந்தால் நுனியை மிக லேசாகச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய பித்தளை திரும்ப வராது. அதனால் இரண்டு இழுப்புக்கு ஒருமுறை ரீடைப் பொருத்தி, கைபேசியில் இருக்கிற சுருதி பார்க்கும் செயலியோடு ஒப்பிட்டுக்கொண்டே போனோம். ஒன்றும் நாலும் சுத்தமாகச் சேர்ந்து அதிர்வில்லாமல் நின்றபோதுதான் மற்ற ரீடுகளுக்குப் போனோம். வேலை முடிந்தபின் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, துணி சுற்றி வைக்கிறோம்.

தேதி பார்ப்பதும் கடலூரில் தனி வேலைதான். ஐப்பசி, கார்த்திகை எங்களுக்கு மழையும் புயலும், சில வருஷம் மார்கழிவரை நீளும். 2011 டிசம்பரில் தானே புயலையும் 2015 நவம்பரில் வெள்ளத்தையும் பார்த்த ஊர் அந்த மாதங்களில் எதற்கும் நாள் குறிக்காது. மார்ச்சில் பொதுத்தேர்வு. மிஞ்சுவது பொங்கலுக்குப் பிறகான தையும் மாசித் தொடக்கமும். அதிலும் தைப்பூசத்தன்று மாவட்டமே வடலூருக்கு ஜோதி தரிசனத்துக்குப் போய்விடும். மாசி மகத்தன்று சாமிகளோடு சனங்களும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் இருப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஞாயிறு பார்த்தோம். தை முகூர்த்த மாதம் என்பதால் மண்டபம் கிடைக்காது என்றார்கள். நவமி விழுந்த ஞாயிறாகக் கேட்டோம், காலியாக இருந்தது, வாடகையும் குறைந்தது. ஒத்திகையை மார்கழியில் அதே மண்டபத்தில் வைத்தோம். மார்கழியில் கல்யாணம் கிடையாது, சும்மா பூட்டிக் கிடப்பதைவிட என்று உரிமையாளர் மின்சாரக் காசை மட்டும் வாங்கிக்கொண்டு திறந்துவிட்டார்.

நேரமும் இங்கேதான் முடிவாயிற்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. எங்கள் மண்டபம் இரண்டு பக்கமும் கம்பி அடித்த திறந்த மண்டபம், சுற்றிலும் வீடுகள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிப்பது என்று வைத்துக்கொண்டோம்.

மேடையில் செலவான உழைப்பு இரண்டு பொருளுக்கு: பரணும் யானையும். தினைப்புனத்துப் பரண் பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்த சவுக்குக் கம்பில் கட்டினது. நாலடி உயரம். அதில் ஓர் ஆள் ஏறி நின்று கவண் சுற்றிப் பாட வேண்டும், ஆகவே ஆடக் கூடாது. நாலு காலும் எவ்வளவு பருமனாக இருந்தாலும் குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால் ஆடும். மூன்று பக்கமும் மூலைவிட்டமாகக் கம்பு கொடுத்துத் தேங்காய்நார்க் கயிற்றில் இறுக்கினோம். பார்வையாளர் பக்கம் மட்டும் திறந்திருந்தது. தினைக்கதிருக்குப் பதில் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து பச்சைக் கரும்புக் கொழுந்தாடை கொண்டுவந்து வரிசையாக நட்டோம். காய்ந்த சோகை வேண்டவே வேண்டாம், விளக்குச் சூட்டில் ஆபத்து.

வேலனுக்கு உதவ விநாயகர் யானையாக வருகிற காட்சியை நிழலில் செய்தோம். பின்னால் வெள்ளை வேட்டித் துணி, அதற்குப் பின்னால் அட்டையில் வெட்டிய யானைத்தலை, தும்பிக்கை தனியாக ஆடும்படி ஆணியில் கோத்தது. நிழல் கூர்மையாக விழ விளக்கு ஒரே புள்ளியாக இருக்க வேண்டும். அகலமான எல்.ஈ.டி. பலகையில் நிழல் கலங்கிப்போகும், சிறிய ஹாலஜன் குமிழில் கத்தி வெட்டினதுபோல் விழும். அட்டையைத் திரையருகிலிருந்து மெல்ல விளக்கை நோக்கி நகர்த்தினால் யானை வளர்ந்துகொண்டே வரும். ஆல்ரவுண்டு, அதாவது டோலக்கும் மற்றத் தாளக்கருவிகளும், வாசிக்கிற தம்பி டோலக்கில் அதற்கேற்ப அடியை நெருக்கினார். வள்ளி ஓடிவந்து, கிழவனாக வந்த வேலனைக் கட்டிக்கொள்கிற இடத்தில் மண்டபமே சிரித்துக் கைதட்டியது.

மைக்கைப் பற்றிச் சுருக்கமாக. சட்டையில் குத்துகிற மைக்குகளை வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசித்தோம், வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஸ்பெஷல் நாடகத்தில் மேடை முன்னால் நிற்கிற மைக்குக்கு வந்து பாடுவதுதான் வழக்கம், அதற்கென்று ஒரு நடை இருக்கிறது. வேலனும் வள்ளியும் ஆளுக்கொரு மைக்கில் எதிரெதிரே நிற்பது தர்க்கத்துக்கு நல்ல அமைப்பும்கூட. வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரமோ அதைப்போல் மூன்று மடங்கு தூரம் இரண்டு மைக்குக்கும் இடையில் இருந்தால் ஒருவர் குரல் அடுத்தவர் மைக்கில் ஏறாது. ஸ்பீக்கர்களை மைக்குகளுக்கு முன்னால், சனங்களைப் பார்த்தபடி வைத்தால் கத்தல் வராது. ஆர்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று. விளக்குகளுக்கும் ஒலிக்கும் தனித்தனி ஃபேஸில் மின்சாரம் எடுத்ததால் இரைச்சல் இல்லை.

இனி, ஊருக்குச் சொன்ன கதை. இதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

பழைய நாடக நோட்டீஸ் மாதிரியே ரோஸ் காகிதத்தில் பிட் நோட்டீஸ் அடித்தோம். அதில் ஒரு வரியைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. தொடங்கும் நேரம் எல்லாரும் போடுவார்கள், முடிகிற நேரத்தை யாரும் போடுவதில்லை. போட வேண்டும் என்று பிடித்து நின்றவர் வள்ளியாக நடித்தவர்தான். "அண்ணே, டூட்டி முடிஞ்சு வர்ற பொம்பளைங்க மொதல்ல கேக்கறது எத்தினி மணிக்கு உடுவாங்கன்னுதான்" என்றார். 'மாலை 6.30 தொடக்கம், இரவு 9.30 நிறைவு' என்று கொட்டை எழுத்தில் போட்டோம். பக்கத்திலேயே பண்ருட்டி, நெல்லிக்குப்பம், புதுச்சேரி பஸ் பிடிக்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்றும் போட்டோம். நோட்டீஸை வாங்கியவர்கள் படித்துவிட்டுப் பேசியது பெரும்பாலும் அந்த வரியைப் பற்றித்தான். இசை நாடகம் என்றால் ராத்திரி முழுக்க என்று ஒதுங்கியிருந்தவர்கள் குழந்தைகளோடு வந்தார்கள்.

பிளக்ஸ் வைக்கவில்லை. அனுமதி வாங்காமல் வைக்கக் கூடாது, வைத்தாலும் காற்றில் யார் தலையில் விழுமோ என்ற பயம். மண்டப வாசலில் மட்டும் சுவரெழுத்துக்காரரைக் கொண்டு துணியில் எழுதிக் கட்டினோம். சுவரொட்டி கொஞ்சம் அடித்தோம். மைதா பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது என்று பழக்கம், நாங்கள் கலக்கவில்லை. தெருமாடு சுவரொட்டியைப் பசைக்காகவே தின்னும், மயில்துத்தம் அதற்கு விஷம்.

எங்களுக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தது வேறு. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்று வட்டாரச் சாமிகள் தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் தீர்த்தவாரிக்கு வரும், மணலில் கடைகள் நிறையும், சுருளிக்கிழங்கு மலைமலையாகக் குவியும். அந்தக் கூட்டத்தில் பெண்ணையாற்று மணலில் மைக் இல்லாமல், கை ஆர்மோனியமும் மிருதங்கமும் வைத்துக்கொண்டு தர்க்கத்தின் ஒரு துண்டைப் பாடினோம். சாதாரணப் புடவையும் வேட்டியும்தான், தலையில் மட்டும், வேடனாக வருகிற வேலனுக்கு ஒரு மயிலிறகு. வேலன் கேட்பார், வள்ளி மடக்குவார், வேலன் திரும்பக் கேட்பார். வள்ளி பதிலுக்கு வாயைத் திறக்கும்போது ஆர்மோனியம் நின்றுவிடும். "பதில் ஞாயித்துக்கெழம மண்டபத்துல" என்று பபூன் நோட்டீஸை நீட்டுவார். நின்றவர்கள் விடவில்லை. "இன்னாம்மா, பதிலச் சொல்லிட்டுப் போங்க" என்று ஒரு பெரியம்மா வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லவில்லை. அந்தப் பெரியம்மா நாடகத்தன்று முன்வரிசையில் இருந்தார்.

அதே துண்டை விடியற்காலையில் உழவர் சந்தை வாசலிலும், ஞாயிறு சாயங்காலம் சில்வர் பீச்சிலும் பாடினோம். போகுமுன் அங்கங்கே பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டு போனதால் தடையில்லை. சந்தையில் வியாபாரம் நடக்கும் வழியில் நிற்காமல் சைக்கிள் நிறுத்துமிடத்துப் பக்கம் நின்றோம். மூன்று நிமிஷத்துக்கு மேல் எங்கும் நீட்டவில்லை. இங்கேயும் அந்த ஒன்று–நாலு கட்டை ஏற்பாடுதான் காப்பாற்றியது. சுருதி மாற்ற நேரம் எடுத்துக்கொண்டிருந்தால் சந்தைக் கூட்டம் நகர்ந்துபோயிருக்கும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போட்ட காணொளியும் அந்தத் துண்டுதான், முப்பது வினாடி. தலைப்பு அட்டையோ குழுவின் பெயரோ முதலில் வரவில்லை, முதல் நொடியிலேயே வள்ளியின் குரல் வந்தது. படம்பிடிக்கிற கைபேசி தள்ளி இருந்தது, ஒலிக்காக இன்னொரு கைபேசியைப் பாடுபவருக்குப் பக்கத்தில் வைத்துப் பிறகு இரண்டையும் சேர்த்தோம். பாட்டு வரிகளைக் கீழே தமிழில் போட்டோம். பஸ்ஸில் ஒலியை மூடிவிட்டுப் பார்க்கிறவர்கள்கூடத் தர்க்கத்தைப் படித்துவிட்டு அனுப்பினார்கள்.

புதுச்சேரிக்கும் போனோம். கருவடிக்குப்பத்தில் சுவாமிகள் சமாதியில் முதல் நோட்டீஸை வைத்துக் கும்பிட்டுவிட்டு, அவர் பெயரில் நிகழ்கலைப் பள்ளி நடக்கிற புதுவைப் பல்கலைக்கழகத்திலும் கொடுத்தோம். அங்கிருந்து வந்த மாணவர்கள் சிலர் நாடகத்தன்று திரை இழுக்கவும் விளக்குப் பிடிக்கவும் தாங்களாகவே நின்றுவிட்டார்கள்.

நாடகத்தன்று வாசலில் ஒரு கூடைப் புளியங்கொட்டையும் ஐந்து கிண்ணமும் வைத்தோம். சுவரொட்டி, நோட்டீஸ், வாட்ஸ்அப், நேரில் பாட்டு கேட்டது, யாரோ சொன்னது என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. எதனால் வந்தீர்களோ அதில் ஒரு கொட்டையைப் போடுங்கள் என்று கேட்டோம். எழுதச் சொல்லிக் காகிதம் நீட்டினால் பாதிப்பேர் நகர்ந்துவிடுவார்கள், கொட்டை போடுவதைக் குழந்தைகள்கூடச் செய்தார்கள். 'நேரில் கேட்டது', 'யாரோ சொன்னது' கிண்ணங்கள் வழிந்தன. வாட்ஸ்அப் அடுத்தது. சுவரொட்டிக் கிண்ணத்தின் அடி தெரிந்தது.

அந்தக் கணக்கை வைத்தே அடுத்த செலவைப் போடுகிறோம். சுவரொட்டி கிடையாது. அந்தக் காசு மிருதங்கக்காரர் தெருத்தெருவாக எங்களோடு வரும் நாட்களுக்கான சம்பளம். அவர் ஒருவர்தான் எங்களில் இதைத் தொழிலாகச் செய்கிறவர், அவர் நேரத்தை இலவசமாகக் கேட்பது நியாயமில்லை.

அடுத்த நாடகம் 'பவளக்கொடி'. சுவாமிகள் நினைவுநாளை ஒட்டிப் புதுச்சேரியில் போட ஆசை. நவம்பர் மழைக்காலம், ஆகவே நாலு பக்கமும் மூடிய அரங்கு தேடிக்கொண்டிருக்கிறோம். அல்லிக்கும் பவளக்கொடிக்கும் இரண்டு பெண் குரல்கள் கிடைத்திருக்கின்றன, ஒருவர் ஐந்தரை கட்டை, ஒருவர் நாலரை. அர்ஜுனன் பழைய வேலன்தான், ஒரு கட்டையிலிருந்து அசைய மாட்டார். மூவருக்கும் பொதுவாக எந்த இரண்டு கட்டையைப் பிடிப்பது என்று ஆர்மோனியக்காரர் வீட்டுத் திண்ணையில் சாயங்காலங்களில் பாடிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.